சத்திமுத்தப் புலவர் கண்ட நாரை

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுத்த பாட்டு, தமிழ்த் தனிப்பாடல்களுள் பலரும் அறிந்த ஒன்று. மதுரையிலே ஆடையின்றி வாடைக்கு நடுங்கும் வறிய புலவர், வானிற் செல்லும் நாரையை விளித்து, ஊரிலுள்ள தம் மனைவிக்குத் தம் நிலையை உரைக்குமாறு வேண்டுகின்றார். வறுமையின் அவலத்துக்கு எடுத்துக்காட்டாகவே இப்பாட்டுப் பெரும்பாலும் போற்றப்படுகின்றது. பறவை நோக்குவோன் கண்கொண்டு படிப்பின், இதன் சிறப்பு மற்றொரு பக்கத்தாலும் புலனாகும்.

நாரையின் அலகுக்குப் புலவர் இரண்டு ஒப்புமை கூறுகின்றார்: ஒன்று பிளந்த பனங்கிழங்கு, மற்றொன்று பவளம். கிழங்கு வடிவத்தைக் காட்ட, பவளம் நிறத்தைக் காட்டுகின்றது. அவித்த கிழங்கை நெடுக்காகப் பிளந்தவர், நுனி நோக்கிக் கூர்ந்து செல்லும் அவ்விரு பாதிகளிலும் நாரையின் மேலலகையும் கீழலகையும் காண்பர். காலும் சிவப்பு என்கின்றார். அலகும் காலும் ஒருங்கே சிவந்திருத்தல் வெண்ணாரைக்குப் பொருந்தும். அலகு மஞ்சளான வர்ணநாரைக்குப் பொருந்தாது. கருநாரைக்கும் அவை சிவப்பே. புலவர் உடல் நிறம் கூறாமையின் ஐயம் முற்றும் நீங்கவில்லை. எனினும், தென்னாட்டிற் கருநாரை அரிதாதலின், வெண்ணாரை எனக் கொள்வதே தகும்.

நாரைகள் குமரிவரை சென்று வடக்கே மீள்வன என்பதையும் புலவர் இயல்பாகவே கூறிச் செல்கின்றார். ஐரோப்பாவிலோ, சில பறவைகள் குளிர்காலத்தை நீரடியிற் கழிக்கின்றன என்னும் கொள்கை 18ஆம் நூற்றாண்டிலும் அறிஞர் சிலரிடம் நிலவியது. 1822இல் ஜேர்மனியிலே, மத்திய ஆபிரிக்க ஈட்டி கழுத்திற் தைத்த வெண்ணாரை ஒன்று கிடைத்தது. பறவைகள் நெடுந்தொலைவு சென்று மீள்வதற்கு அது கண்கூடான சான்றாயிற்று. டென்மார்க்குப் பள்ளி ஆசிரியர் மோர்ட்டென்சன் 1899இல் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டதன் பின்னரே அவ்வழிகளை முறையாக ஆராய்தல் இயன்றது.

ஆயின், புலவர் கூற்று முழுவதும் இயற்கையோடு ஒத்ததன்று. நாரை தன் மனைவியோடு செல்வதாக அவர் பாடுகின்றார். வெண்ணாரைச் சோடிகள் கூட்டிலே கூடுவனவன்றி, வலசையிற் பெரும்பாலும் இணைந்து செல்வனவல்ல. இதனைப் பிழை என்று தள்ளுதல் தகாது. துணையைப் பிரிந்தவன் கண்ணுக்குப் பறக்கும் பறவையெல்லாம் இணையாகவே தோன்றும். நோக்கு வழுவிய இவ்விடத்திலேதான் நெஞ்சம் வெளிப்படுகின்றது. ஏனைய இடங்களில் நோக்கு வழுவாமையாலேயே அந்நெஞ்சத்தை நாம் நம்புகின்றோம்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. வாடை வீசுவது நாரைகள் தெற்கே வரும் பருவம். அவை வடக்கே மீள்வது குளிர் கழிந்த பின்னரே. புலவரும் வடக்கே செல்வதாயின் என நிபந்தனையாகவே கூறுகின்றார். நனைந்த சுவரிற் பல்லியின் குரலுக்குக் காத்திருக்கும் மனைவியைத் தூது சென்றடையும்போது அக்குளிரே கழிந்திருக்கும். இத்தாமதத்தை உணர்ந்தோர்க்குப் பாட்டின் அவலம் இருமடங்காகும்.

மன்னாரிலும் வங்காலையிலும் ஒளிப்படக் கருவியோடு காத்திருக்கும் இளைஞர், புலவர் கண்டதினும் நுண்ணிய இறகுகளைப் படத்திற் பதிக்க வல்லர். கருவி நிறத்தையும் வடிவத்தையும் தரும், பனங்கிழங்கை நினைப்பூட்டாது. பறவையை அறியாது பாட்டைப் படிப்பவரும், பாட்டை அறியாது பறவையைப் படம் பிடிப்பவரும் பாதியையே பெறுகின்றனர். தமிழ் வகுப்பும் விலங்கியல் வகுப்பும் இப்பாட்டை ஒருங்கிருந்து கற்குமாயின், இரண்டும் பயன்பெறும் என்பது துணிபு.