எளிமையும் குறைப்பும்: பாடங்களை மாற்றியெழுதும் கருவி குறித்து ஒரு திறனாய்வு

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் யாவரும் ஒரே நிலையினர் அல்லர் என்பதை ஆசிரியப் பணியில் ஈடுபட்ட எவரும் அறிவர். தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளை வகுத்ததும் இவ்வுண்மையை ஏற்றதன் விளைவே. ஆயினும் ஒரு பாடத்தை மூவகையாக எழுதுதற்கு ஆசிரியருக்கு நேரம் ஏது? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், இப்பணியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம் தோன்றியுள்ளது. அதன் பயனையும் குறையையும் ஒரு பாடத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு கற்பிக்கும் நண்பர் ஒருவர், 1930ஆம் ஆண்டின் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகம் பற்றித் தாம் எழுதிய பாடக்குறிப்பை இத்தகைய கருவியிடம் கொடுத்தார். பார்வை குன்றிய மாணவிக்காக ஒலிவடிவம், வடமாநிலத் தொழிலாளரின் மகனுக்காக இந்தியில் அருஞ்சொற்பொருள், வாசிப்பில் பின்தங்கியோருக்காக எளிய வடிவம் ஆகியவற்றைக் கேட்டார். யாவும் சில நிமிடங்களில் கிடைத்தன. முதலிரண்டும் மெய்யாகவே நற்பயன் தந்தன என்பதில் ஐயமில்லை.

மூன்றாவதைச் சற்று உற்றுநோக்குவோம். நண்பரின் குறிப்பில் இவ்வாறு இருந்தது: "தொண்டர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தும், வழியோரத்து மக்கள் மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர்." கருவி தந்ததோ: "ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியம் நடந்தார். மக்கள் உணவு தந்தனர். அவர் உப்பு அள்ளினார்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் தடை மறைந்தது. தடையோடு மக்களின் துணிவும் மறைந்தது. "எச்சரித்திருந்தும்" என்பதன் இறுதியில் நிற்கும் உம்மையே அவ்வாக்கியத்தின் உயிர். நீண்ட வாக்கியத்தைத் துண்டாக்கியபோது முதலில் உதிர்ந்தது அதுவே.

இப்பிழை கருவியோடு பிறந்ததன்று. வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணி நூலின் கடினத்தை அளக்கும் வாய்பாட்டை ருடால்ஃப் பிளெஷ் 1948இல் வெளியிட்டார். அத்தகைய வாய்பாடுகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட பாடங்களை ஆராய்ந்த டேவிசன், கான்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், கருத்துகளை இணைக்கும் சொற்கள் நீங்குவதால் வாசிப்பு கடினமாகவும் கூடும் என 1982இல் எடுத்துக்காட்டினர். தமிழுக்கு இவ்வளவை இன்னும் பொருந்தாதது. "போகவேண்டியிருந்தது" என்னும் நெடுஞ்சொல் சிறு குழந்தைக்கும் விளங்கும்; "வரி" என்பது இரண்டே எழுத்து, எனினும் உப்புக்கு ஏன் வரி என்பதை விளக்க ஒரு பாடவேளை வேண்டும்.

வகுப்பில் நிகழ்ந்தது யாது? முழுக்குறிப்பை வாசித்தோர், "ஏன் மரத்தில் கட்டினார்கள்?" என்று வினவினர். எளிய வடிவத்தை வாசித்தோர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மௌனத்தை அவர்தம் இயலாமை என நண்பர் முதலில் கருதினார். தாளில் மரமே இல்லாதபோது மரத்தைப் பற்றிய வினா எங்ஙனம் எழும்? வீட்டில் படித்தவர் எவருமில்லாப் பிள்ளைகளே பெரும்பாலும் இவ்வரிசையில் அமர்கின்றனர். காரணங்களைச் சிலருக்கும் பெயர்களை மட்டும் பிறருக்கும் வழங்குவோமாயின், வகுப்பறையில் நாமே ஒரு புதிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கியவராவோம்.

பின்னர் நண்பர், "வாக்கியங்களைச் சுருக்குக, காரணத்தையும் தடையையும் விடாதே" எனக் கட்டளையிட்டார். கருவி தந்ததைத் தம் கையாலும் திருத்தினார்: "உணவு கொடுத்தால் தண்டனை என்றார் ஆட்சியர். ஆனாலும் மக்கள் உணவு கொடுத்தார்கள். கையில் கொடுக்கவில்லை. மரத்தில் கட்டிவிட்டுப் போனார்கள்." வாக்கியங்கள் குறுகின, கருத்துக் குறையவில்லை. மறுநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "கட்டியவர் யாரென்று ஆட்சியருக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

ஆகவே, கருவியை விலக்க வேண்டுவதில்லை. அது தரும் ஒவ்வொரு வடிவத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, "ஏன்" என்பதும் "ஆயினும்" என்பதும் எஞ்சியுள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அதனைச் செய்ய நேரமில்லையெனில், மாணவனுக்குக் கடினமான மூலத்தையே கொடுத்து, அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டுதலே மேல்.