ஒரே கோட்டில் ஒரு திருமுகம்

பிரெஞ்சுச் செதுக்கோவியர் கிளாத் மெல்லான் 1649-இல் செப்புத் தகட்டில் வெட்டிய "வெரோனிக்காவின் துகில்" என்னும் படத்தில் நாம் முதலில் காண்பது முள்முடி சூடிய ஆண்டவரின் முகம். நெருங்கி நோக்கினால்தான் அதன் வியப்புப் புலப்படும். மூக்கின் நுனியில் தொடங்கும் ஒரே கோடு சுருள் சுருளாக விரிந்து முகம், தாடி, முள், இரத்தத்துளி, துகில் யாவற்றையும் உருவாக்குகிறது. நிழல் வேண்டிய இடத்தில் உளி ஆழ இறங்குகிறது. பள்ளம் அகன்று மை மிகுதியாகத் தங்குகிறது. அச்சில் கோடு தடிக்கிறது. ஒளி வேண்டுமிடத்தில் அதுவே மயிரிழையாகிறது.

வெரோனிக்கா நிகழ்ச்சி நற்செய்தி நூல்களில் இல்லை. அதனால் படத்தையே ஒதுக்கிவிடுதல் நம்மவர்க்கு எளிது. ஆயினும் அது அவசரமான தீர்ப்பு. துகிலில் முகம் அழுந்திப் பதிந்தது என்பது மரபுக் கதை. தகடு தாளில் அழுந்திப் பதிவது அச்சுத் தொழில். எபிரெயர் 1:3-இல் நம் திருமறை "சொரூபம்" எனப் பெயர்க்கும் கிரேக்கச் சொல், முத்திரை பதித்த உருவையே குறிக்கும். செதுக்குவோரின் சொல் அங்கே கிறிஸ்தியலின் சொல்லாகிறது.

இழைநயத்தை மெல்லான் துறந்துவிடுகிறார். முள்ளும் சதையும் ஒரே கோட்டின் தடிப்பும் மெலிவுமே. பாடு வெளியிலிருந்து அவர்மேல் சாத்தப்பட்டதன்று, அவர் உருவோடு ஒன்றியது என இதனைப் படிக்கலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வலையாவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆனால் வலையில் முடிச்சு உண்டு. மெல்லானின் கோட்டில் முடிச்சே இல்லை.

என் தயக்கமும் அங்கேதான். ஒப்பற்றவர் ஒன்றினாலேயே உருவானார் என்னும் பொருள்பட அடியில் இலத்தீன் வாசகம் பொறித்திருக்கிறார். ஒப்பற்றவர் ஆண்டவரா, ஒற்றைக் கோடிட்ட கைத்திறனா? ஏசாயா 53 கூறும் அழகற்ற முகம் இதுவன்று. ஏறத்தாழ 1648-இல் ரெம்பிராண்ட் அமிலத்தாலும் ஊசியாலும் ஆக்கிய "நூறு கில்டர் படம்" மத்தேயு 19-ஆம் அதிகாரத்தைக் காட்டுவது. அங்கே கந்தை கந்தையாகவே இருக்கிறது. பிணியாளரின் மெலிந்த கை நிழலிலிருந்து ஒளிக்குள் நீள்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகச் சேற்றில் நின்று மீன்பிடிப்போர் கூடும் ஆலயச் சுவரில் மாட்ட நான் தேர்வது ரெம்பிராண்டை. மெல்லானின் படம் மாணவர் மேசைமீது, உருப்பெருக்கியின் அருகில் இருக்கட்டும்.