அசல் என்பது எது? ஒரு ஏ40 காரும் 2021 விதிகளும்

கல்வெட்டுப் படிக்கிறவன் என்பதால் ஊரில் எந்தப் பழைய காகிதம் கிடைத்தாலும் என்னிடம் வரும். போன மாதம் மாமா ஒரு ஆர்.சி. புக்கைக் கொண்டுவந்து நீட்டினார். ஆஸ்டின் ஏ40 சோமர்செட். விக்கிரமங்கலத்தில் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு நிற்கிறதே, அதுதான். “இதையும் கவர்ன்மென்ட் பேப்பரையும் சேத்துப் படிச்சுச் சொல்லு மாப்ள, ரோட்டுல ஓட்டலாமா கூடாதா?” என்றார். அந்த கவர்ன்மென்ட் பேப்பரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட, பழம்பெரும் வாகனங்களுக்கான 81ஏ முதலான விதிகள் அவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை மாநிலத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. பழைய வண்டிகளை அழிக்கும் கொள்கையும் அதே ஆண்டில்தான் வந்தது. அந்த நேரத்தில், முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு, இறக்குமதியானவை உட்பட, தனி வகை கொடுத்தது பெரிய காரியம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. புது நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். மாமாவுக்கு இந்தக் கடைசி வரிதான் பிடித்திருந்தது.

சிக்கல் வரையறையில் இருக்கிறது. சட்டகம், உடற்கூடு, இன்ஜின் இவற்றில் மாற்றம் உட்பட ‘கணிசமான’ புதுப்பிப்பு நடந்திருக்கக் கூடாதாம். மாமாவின் காரில் எண்பதுகளில் டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பழைய பெட்ரோல் கார் பலவற்றுக்கும் நடந்த கதைதான். 1200 சிசி அசல் இன்ஜின் கொட்டகை மூலையில் சாக்குக்கடியில் கிடக்கிறது. ரிங், வால்வு, பேரிங் எல்லாம் போட்டு அதைத் திரும்ப ஏற்றினால் அது திருத்தமா, மாற்றமா? இன்னொன்று. இந்தக் காரில் திரும்பும்போது பக்கவாட்டுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று நீளும். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு முன்னால் அந்தக் கையை நீட்டி என்ன பயன்? மின்னும் இண்டிகேட்டர் வைக்க வேண்டும். வைக்க மட்கார்டில் துளை போட வேண்டும். பாதுகாப்புக்காகத் துளை போட்டால் அசல் கெடுகிறது, அசலைக் காத்தால் பாதுகாப்பு இல்லை. எவ்வளவு துளை வரை பொறுக்கலாம் என்று வரையறையில் ஒரு வார்த்தை இல்லை.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120ஆவது பிரிவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியைப் பற்றியது. விதித்தபடி சைகைக் கருவி ஒன்று வேலை செய்யும் நிலையில் இல்லாமல் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பிரிவு வண்டி என்ன செய்கிறது என்று கேட்கிறது. 2021 விதி வண்டி என்னவாக இருக்கிறது என்று கேட்கிறது.

அதனால்தான் பயன்பாட்டுக் கட்டுப்பாடும் இப்படி வந்தது என்று நினைக்கிறேன். கண்காட்சி, ஆய்வு, பழைய கார் ஊர்வலம், எண்ணெய் போட, பழுது பார்க்க, இவற்றுக்குப் போய்வரலாம். தினசரி ஓட்டக் கூடாது. அதாவது மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் ஓட்டுவது இந்தப் பட்டியலில் இல்லை. மாமாவுக்கு வேண்டியதே அதுதான்.

ஏ40க்கு இது பொருந்தாத பட்டியல். இந்தக் காரை நாம் பொத்திப்பொத்தி வைத்ததில்லை. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இதைத்தான் முதலில் பூட்டி வெளியே அனுப்பியது. அசோக் லேலண்டின் பூர்விகமே இந்தக் கார்தான். பாகமாகக் கப்பலில் வந்து மெட்ராஸில் உருவானதை இறக்குமதி என்பதா, நம்முடையது என்பதா என்றே சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் கிடைக்காதபோது, இதே ஏ40களும் மோரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டரில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கிடைத்த பாகத்தை வைத்து ஒப்பேற்றித்தான் ஆளும் நோயாளியும் மூட்டையும் போய்ச் சேர்ந்தன. இந்த விதியின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், அந்தக் கார்களில் எத்தனை தேறும்? அவை பிழைத்ததே மாற்றியதால்தான். அந்தத் தழும்புகளும் அவற்றின் வரலாறு இல்லையா?

‘அப்போ எதை வேணும்னாலும் மாத்தி பழசுன்னு சொல்லலாமா’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். புது இன்ஜினும் ஏசியும் ஏற்றி மேலே மட்டும் 1952 தகடு போர்த்திய வண்டிக்கு இந்தச் சலுகை தரக் கூடாது. ஆனால் அதற்கு வழி இல்லாமல் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, பூசையும் நடக்கிறது. 2004இல் யுனெஸ்கோ அதை ‘வாழும்’ சோழர் கோயில்களில் ஒன்றாகத்தான் சேர்த்தது. எண்ணெய் காப்பிட்டால் கல் மாறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. எது செய்யலாம், எது கூடாது என்று வரம்பு வைத்தார்கள், அவ்வளவுதான். காருக்கும் அப்படி ஒரு அட்டவணை வேண்டும். பிரேக், விளக்கு, சைகை, பெல்ட் இவற்றில் செய்யும் மாற்றம் மாற்றமாகக் கணக்கில் வராது என்று ஒரே ஒரு பத்தி சேர்த்தால்கூடப் போதும்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி மாப்ள, அந்த இன்ஜினை வெளிய எடுப்போம், ஒரு கை பிடி” என்றார். சாக்கை விலக்கினோம். உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. அது குஞ்சு பொரிக்கும்வரை வேலை நிற்கிறது.