ஹோமரின் கடலும் நமது பச்சையும்

ஒரு மொழியில் ஒரு நிறத்துக்குச் சொல் இல்லையென்றால், அம்மொழி பேசுவோர் அந்நிறத்தைக் காணவில்லை என்று கொள்ளலாமா? விமர்சகன் தெளிவுபெற வேண்டிய கேள்வி இது.

1858இல் ஹோமர் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டவர் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு தடவைகள் பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். ஹோமரின் காவியங்களில் கடல் திராட்சை மதுவைப் போன்றது. அதே அடைமொழி எருதுகளுக்கும் வருகிறது. தேன் பச்சையாக இருக்கிறது. வானம் ஓரிடத்திலும் நீலமாக இல்லை. இவற்றைத் திரட்டிய கிளாட்ஸ்டன், அக்காலக் கிரேக்கரின் நிறமுணரும் புலன் முழுவளர்ச்சி பெற்றிருக்கவில்லை என்று முடிவுகட்டினார்.

அவரது உழைப்பை மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். தேனுக்கு ஹோமர் இட்ட ‘குளோரோஸ்’ என்ற சொல்லுக்குப் பசுமை, வெளிர்மை என்பவற்றோடு வாடாத புதுமை என்ற பொருளும் உண்டு. தமிழ் வாசகனுக்கு இது விளங்காத சங்கதியா? காய்ச்சாத நீரைப் பச்சைத் தண்ணீர் என்கிறோம். பிறந்த குழந்தையைப் பச்சைப்பிள்ளை என்கிறோம். மஞ்சளாய் மின்னுவதைச் செம்பொன் என்கிறோம். அகராதியை மட்டும் நம்பி வருகின்ற அந்நியர் நமது கண்ணையும் சந்தேகிக்கக்கூடும். ஈராக்கின் வளமிக்க தென்பகுதியை அறபிகள் ‘ஸவாத்’ என்றார்கள். கருமை என்பது அதன் பொருள். பயிர்களின் அடர்பசுமை அவர்களுக்குக் கருமையாகத் தோன்றியது. பாலையின் வெளிறிய மணலுக்கு அருகே வைத்துப் பார்த்தால் அச்சொல்லின் நுட்பம் புரியும்.

அப்படியானால் மொழி பார்வையைத் தொடுவதேயில்லையா? தொடுகிறது. ரஷ்ய மொழியில் கடும்நீலம் ‘ஸீனி’, இளநீலம் ‘கலுபோய்’. இரண்டும் வெவ்வேறு நிறங்களாகவே கொள்ளப்படுகின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த எல்லையின் இருபக்கமும் விழும் நீலங்களை ரஷ்ய மொழியினர் விரைவாக வேறுபடுத்தினர். ஆங்கில மொழியினரிடம் அந்த அனுகூலம் காணப்படவில்லை. இலக்கங்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே பார்க்கச் செய்தபோது ரஷ்யரிடமும் அது மறைந்தது. மொழி வேறு வேலையில் ஈடுபட்டதும் உதவி நின்றுவிட்டது. நீலங்கள் தெரியாமற் போகவில்லை. மொழி வலுப்பெற்றிருக்கும் மூளையின் இடது பாகத்திலேயே இது நிகழ்கிறது என 2006இல் ஓர் ஆய்வு கூறியது. 2011இல் வேறு ஆய்வாளர் சோதித்தபோது அந்த இடதுபக்கச் சாய்வு கிடைக்கவில்லை. ஆகவே, சொல் மூளையின் தீர்ப்பை விரைவுபடுத்துகிறது என்ற அளவில் நிற்பதே நேர்மை.

இது நம் இலக்கிய மதிப்பீட்டையும் தொடுகிறது. நாட்டார் கவியொன்றில் நிறச்சொற்கள் குறைவென்று கண்டு, அதைப் பாடியவரின் அனுபவமே வறியது என்று எழுதுவோமானால் நாமும் கிளாட்ஸ்டனின் வழியிலேயே போகிறோம். அவரிடம் ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்த பொறுமையாவது இருந்தது. இல்லாத சொற்களை எண்ணுமுன், இருக்கும் ஒரு ‘பச்சை’ அந்தக் கவியில் என்னென்ன வேலை செய்கிறது என்று கேட்போம். அதன் பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.