அக்காவின் கூலி

பள்ளி நேரம் முடிந்தபின் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்துக்காக வாதாடுகிறவர்கள் இப்போது ஓர் ஆய்வைத்தான் முன்வைக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வு அது. கொரோனாவில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது; அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்கிறது. 'இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன். இதை நிரந்தரமாக்கினால் என்ன?' என்று கேட்கிறார்கள்.

பலனை நான் மறுக்கவில்லை. 2021 அக்டோபரில் முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. கம்மாபுரம் ஒன்றியத்தில் நெய்வேலிச் சுரங்கத்தின் ஒப்பந்தக் கூலிக்கும் காட்டுவேலைக்கும் போய்விட்டுப் பொழுது சாய்ந்து திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்கு, அதே தெருவில் படித்த ஓர் அக்கா கிடைப்பது பெரிய காரியம். வகுப்பில் கேட்கக் கூசும் கேள்வியை அவளிடம் கூசாமல் கேட்கலாம்.

ஆனால் செலவு குறைந்தது எப்படி? தன்னார்வலருக்கு நிர்ணயித்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். தினமும் ஒன்றரை மணி நேரம், மாதத்தில் 20 நாள் என்று வைத்தாலும் மணிக்கு 33 ரூபாய். திட்டம் தொடங்கிய ஆண்டில் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 273 ரூபாய். 2024-25-இல் அது 319. பிளஸ் டூவோ பட்டமோ முடித்தவள் மாதம் முழுக்கப் பாடம் சொன்னாலும், ஏரி தூர்வாரும் நான்கு நாள் கூலி அவளுக்குக் கிடைக்காது. செலவு குறையவில்லை, அரசின் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு மாறியிருக்கிறது.

'அறிவொளியில் யாரும் காசு கேட்கவில்லையே' என்பார்கள். அறிவொளி பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க எழுந்த இயக்கம். பிள்ளைக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித்தருவதோ அரசு சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அதைச் சேவை என்று பெயரிட்டுப் பெண்களிடம் தள்ளுவது இங்கே பழகிப்போன வழி. 1982-இல் சத்துணவை விரிவாக்கியபோது அந்த ஊழியர்களுக்குக் கிடைத்தது தொகுப்பூதியம்தான். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதி நேர ஆசிரியர்கள் 16,549 பேர் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் வேலை கிடைக்காதவர்கள் காத்திருக்கும் மாநிலத்தில், ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைப்பதைத் திட்டத்தின் வெற்றி என்பது அநியாயம்.

இந்த அநியாயம் பிள்ளையையும் தொடும். விருத்தாசலத்துத் துணிக்கடையில் வேலை கிடைத்தால் அக்கா போகத்தான் செய்வாள், போகவும் வேண்டும். வழிகாட்டல் என்பது ஒரே ஆள் தொடர்ந்து நிற்பதில் இருக்கிறது. ஆள் மாறினால் பாடத்தைத் தொடரலாம், பிள்ளையின் நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். வதோதராவிலும் மும்பையிலும் நடந்த 'பாலசகி' திட்டத்தைப் பாருங்கள். அங்கும் உள்ளூர்ப் பெண்கள் குறைந்த தொகைக்குக் கற்பித்தார்கள், மதிப்பெண் உயர்ந்தது. பிள்ளைகள் திட்டத்தை விட்டு விலகி ஓராண்டானதும் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. தொடர்ச்சி இல்லாத இடத்தில் பலன் நிலைக்காது.

ஆகவே நிரந்தரமாக்குவதானால் முதலில் அக்காவின் வேலையை நிரந்தரமாக்குங்கள். குறைந்தபட்சக் கூலியும் பணி ஆணையும் கொடுங்கள். அவள் கற்பித்த ஆண்டுகளை ஆசிரியர் நியமனத்தில் கணக்கில் எடுங்கள். அதற்குப் பணமில்லை என்றால், மலிவான திட்டம் என்ற பெருமையையும் விட்டுவிடுங்கள்.