சார்ஜ் விளக்கு சொல்வது என்ன?

பழைய மாரிஸ் மைனர் காரின் வேகமானிக்குள் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் அது எரியும். இயந்திரம் வேகம் பிடித்ததும் அணையும். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்தக் காரை இன்றும் ஓட்டுவோர் உண்டு. இலங்கைச் சாலைகளிலும் அதைக் காணலாம். விளக்கு அணைந்துவிட்டால் பாட்டரி சார்ஜ் ஆகிறது என்பது அதை ஓட்டுவோரின் அசையாத நம்பிக்கை. இது பாதி உண்மையே. மீதிப் பாதியை நம்பியவர்கள் இரவில் நடுவழியில் நிற்க நேரிடுகிறது.

குறை கூறுமுன் அமைப்பைப் பார்ப்போம். பாடப் புத்தகப் படங்களில் விளக்கின் ஒரு முனை பாட்டரியோடும் மறு முனை புவித்தொடர்போடும் சேர்ந்திருக்கும். இங்கே அப்படியில்லை. ஒரு முனை சாவி வழியாகப் பாட்டரிக்குச் செல்கிறது. மறு முனை கட்டுப்பாட்டுப் பெட்டியின் 'டி' முனைக்கு, அதாவது டைனமோவுக்கு. ஓடாத டைனமோவின் ஆர்மெச்சூர் சுருளுக்கு மின்தடை மிகக் குறைவு. ஆகவே மின்னோட்டம் அதன் வழியே வண்டியின் உடலை அடைகிறது, விளக்கு எரிகிறது. 12 வோல்ட், 2.2 வாட் விளக்கில் பாய்வது சுமார் 0.18 ஆம்பியர்தான். டைனமோ சுழன்று அதன் மின்னழுத்தம் பாட்டரியை எட்டும்போது விளக்கின் இரு முனைகளும் ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. வேறுபாடு இல்லை, எனவே மின்னோட்டமும் இல்லை.

ஆக, இந்த விளக்கு காட்டுவது மின்னழுத்த வேறுபாடு. சார்ஜ் ஆவதை அது அளப்பதே இல்லை. ஆங்கிலக் கையேடுகள் இதற்கு இட்ட பெயரோ 'இக்னிஷன் எச்சரிக்கை விளக்கு'! சாவியை அணைக்க மறந்தவர்க்கு நினைவூட்டுவதும் இதன் வேலை என்பதால் வந்த பெயர் அது. முக்கியமான வேலை பெயரில் மறைந்துபோயிற்று.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை என்றால், 'டி' முனையிலிருந்து விளக்கின் வயரைக் கழற்றி வண்டியின் உடலில் தொடுக. எரிந்தால் விளக்கும் வயரும் நல்லவை; குற்றம் கார்பன் பிரஷ்ஷிலோ, ஆர்மெச்சூரிலோ, டைனமோவுக்குச் செல்லும் வயரிலோ இருக்கும். எரியாவிட்டால் பல்பையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடியும் விளக்கு முழு ஒளியுடன் எரிந்தால் முதலில் பேன் பெல்ட்டைப் பார்ப்பது அறிவுடைமை. பலர் டைனமோவையே கழற்றிவிடுகிறார்கள்.

சுவையான கோளாறு வேறொன்று. வேகம் கூடும்போது விளக்கு அணைகிறது. மேலும் கூட்டினால் மங்கலாக மறுபடி எரிகிறது. மாணவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். டைனமோ நன்றாகவே உற்பத்தி செய்கிறது. ஆனால் அதைப் பாட்டரியோடு இணைக்க வேண்டிய கட்-அவுட் மூடவில்லை. சுமை இல்லாத டைனமோ ஏறக்குறைய 16 வோல்ட் வரை ஏறுகிறது. பாட்டரி 12-இல் நிற்கிறது. இப்போது மின்னோட்டம் விளக்கில் எதிர்த்திசையில் பாய்கிறது. எந்தத் திசையில் பாய்ந்தாலும் இழைக்கு ஒன்றுதான்! இடையில் ஒரு வேகத்தில் விளக்கு அணைந்திருந்ததே, அப்போதும் பாட்டரிக்கு ஒரு துளி மின்னோட்டமும் போகவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது, கட்-அவுட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வது. இயந்திரத்தை நிறுத்திய பின்னும் பாட்டரி டைனமோவோடு இணைந்தே இருக்கும். டைனமோவின் சுருள்கள் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து வயர்கள் சூடேறும். அந்தப் பாதையில் ஃபியூஸும் இல்லை. இந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் விளக்கு எரியாது, அல்லது எரிவதுபோல் தெரியாது. ஏனெனில் இரு முனைகளிலும் பாட்டரி அழுத்தமே இருக்கிறது. சாவியை அணைத்தாலோ, 'டி' முனையிலிருந்து விளக்கு வழியாக இக்னிஷன் சுருளுக்கு மின்னோட்டம் சென்று விளக்கு எரியக்கூடும். எரிய வேண்டிய வேளையில் அணைந்தும், அணைய வேண்டிய வேளையில் எரிந்தும் நிற்கும் விளக்கைக் கண்டால் வேறெதையும் ஆராயாமல் முதலில் பாட்டரியின் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

முன்விளக்குகளைப் போட்டால் மட்டும் சிவப்பு விளக்கு இலேசாக மின்னுகிறதா? இதில் விளக்கின் மேல் குறையில்லை. துருப்பிடித்த இணைப்பிலோ சாவியிலோ ஒன்றிரண்டு வோல்ட் இழக்கப்படுகிறது. அதை விளக்கு சரியாகவே காட்டுகிறது.

அம்மீட்டர் இதைவிடச் சிறந்ததா? மின்னோட்டத்தின் அளவையும் திசையையும் அது காட்டும் என்பது மெய். ஆனால் முழு மின்னோட்டத்தையும் தடித்த வயரில் முகப்புப் பலகைக்குக் கொண்டுவர வேண்டும், செலவும் கூடும். மெல்லிய வயரும் ஒரு பல்பும் கொண்டு வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விளக்கின் அருகே ஒரு சிறு வோல்ட்மீட்டரையும் வைத்திருக்கலாம் என்பதே என் குறை.

பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர் வண்டிகளில் கதை மாறியது. பலவற்றில் இந்த விளக்கின் வழியே செல்லும் மின்னோட்டம்தான் காந்தச் சுருளை முதலில் தூண்டுகிறது. அங்கே பல்பு கருகினால் ஆல்டர்னேட்டர் உற்பத்தியையே தொடங்காமல் இருக்கலாம். பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பொருத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்: அது விடும் மின்னோட்டம் தூண்டுவதற்குப் போதாது, பக்கத்தில் இணையாக ஒரு மின்தடையையும் சேர்க்க வேண்டும்.