வபாவா, தாஊனா?

மதுரையின் சரித்திரத்தை இணையத்தில் தேடுவோர் ஒரு செய்தியை எதிர்கொள்ள நேரிடுகிறது: கி.பி. 1344 வாக்கில் கறுப்பு மரணம் எனும் பிளேக் இந்நகரைச் சூறையாடிற்றாம். ஐரோப்பாவை அது எட்டியது பின்னரேயாம். தளத்துக்குத் தளம் இதுவே வருவதால் வாசகர் நம்பிவிடுகிறார். ஹதீஸ் கலை பயின்றவரேனும் இங்கே சற்று நிற்க வேண்டும். பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய செய்தி முதவாதிர் ஆகிவிடாது. அத்தனை ஸனதுகளும் போய்ச் சேருவது இப்னு பதூதா (ரஹ்) என்ற ஒரே அறிவிப்பாளரிடம்தான்.

அவர் கண்ணால் கண்டவர். அன்றைய சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியும் அவரும் சகோதரிகளை மணந்தவர்கள். முன்னாள் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் புதல்வியர் அவ்விருவரும். ஆயினும் இங்கிருந்து சென்றபின் மேலைக் கடலில் கொள்ளையர் அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொண்டனர். அவர் சொல்ல இப்னு ஜுஸய் எழுதிய ரிஹ்லா நிறைவுற்றதோ ஹிஜ்ரி 756இல் (கி.பி. 1355). பத்தாண்டு கடந்த நினைவு அது.

இனி மத்னைப் பார்ப்போம். ‘முத்ரா’வில் தாம் கண்டது ‘வபா’ என்கிறார். நோயுற்றோர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். தாமதித்தால் நான்காம் நாள். நலமானவள் என்று வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே இறந்தாள். தமக்கும் கடுங்காய்ச்சல் கண்டதையும், புளியைக் கரைத்துக் குடித்து மூன்று நாள் பேதியாகிக் குணமடைந்ததையும் சொல்கிறார். (நம்மூர்ப் புளிக்கு இப்படியும் ஒரு சாட்சி!) அக்குளில் நெறி கட்டியதாக ஒரு சொல்லும் இல்லை.

வபா எந்தக் கொள்ளைநோய்க்கும் பொதுச்சொல். தாஊன் அதில் ஒரு வகை. தாஊன் யாவும் வபா, வபா யாவும் தாஊன் அன்று என்ற வேறுபாட்டை இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) தாஊன் பற்றிய தம் நூலில் ஆராய்ந்துள்ளார். 1348இல் டமாஸ்கஸில் கண்டதை இப்னு பதூதாவே ‘மாபெரும் தாஊன்’ என்கிறார். ஆங்கிலத்தின் ‘பிளேக்’ இரண்டையும் குறிக்கும். பிழை நுழைந்த வாசல் அதுவாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் கறுப்பு மரணம் பரவியதற்குச் சான்றில்லை என்றே ஜார்ஜ் சஸ்மன் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும் கூறுகிறது.

மஸ்அலாவுக்கு ஆதாரம் கேட்கும் நம் மாணவர்கள் சரித்திரத்திற்குக் கேட்பதில்லை என்பதே என் வருத்தம். அந்நோய் காலராவே என்று எழுதுவோரும் உளர். அதற்கும் அவ்வரிகள் போதா.